மருந்துக்குப் பின் வரும் வாரங்கள் யார் பொறுப்பு?

கெட்டமின் சிகிச்சையால் மனச்சோர்விலிருந்து எழுந்த ஒருவருக்குச் சில வாரங்களில் அதே சோர்வு திரும்பிவிட்டால், குறை யாருடையது? அமெரிக்காவில் இச்சிகிச்சையை அளிக்கும் தனியார் மையங்களில் அடிக்கடி கேட்கும் அறிவுரை ஒன்று உண்டு: மருந்து தன் வேலையைச் செய்துவிட்டது, இனி எல்லாம் உங்கள் கையில், மனப்பாங்கை மாற்றுங்கள், நல்ல பழக்கங்களை வளர்த்துக்கொள்ளுங்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் அதற்குள் ஒரு தீர்ப்பும் அடங்கியிருக்கிறது. நோய் திரும்பினால், முயற்சி போதவில்லை என்பதே அந்தத் தீர்ப்பு. அது அறமாகுமா?

முதலில் மருந்தின் இயல்பைப் பார்க்க வேண்டும். 1970 முதல் அமெரிக்காவில் மயக்க மருந்தாகப் பயன்படும் கெட்டமின், மிகக் குறைந்த அளவில் கொடுக்கப்படும்போது தீராத மனச்சோர்வையும் வேகமாகத் தணிப்பது பின்னாளில் தெரியவந்தது. அமெரிக்க தேசிய மனநல நிறுவனம் 18 பேரைக் கொண்டு நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், மருந்து பெற்றவர்களில் 71 விழுக்காட்டினருக்கு ஒரே நாளில் தெளிவான பலன் கிடைத்தது. ஒரு வாரம் கழித்து அந்தப் பலன் 35 விழுக்காட்டினரிடம் மட்டுமே நிலைத்தது. அவர்கள் பெற்றது ஒரே ஒரு டோஸ். பலன் தேய்வது மருந்தின் இயல்பு. நோயாளியின் சோம்பல் அதற்குக் காரணமில்லை. இந்த உண்மையைச் சிகிச்சைக்கு முன்பே சொல்லிவிடாத மருத்துவர், பின்னால் வரும் பழியை இப்போதே நோயாளியின் தலையில் ஏற்றிவைக்கிறார்.

அதற்காகப் பழக்கங்களின் பயனை மறுத்துவிட முடியாது. 2019இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த எலி ஆய்வு ஒன்று இதற்கு வெளிச்சம் தருகிறது. நெடுநாள் அழுத்தத்தால் எலிகளின் மூளை முன்பகுதியில் நரம்பணு இணைப்புகள் அழிந்திருந்தன. கெட்டமின் கொடுத்ததும் நடத்தை சில மணி நேரத்தில் தேறியது. இணைப்புகள் அதற்குப் பிறகுதான் மீண்டும் முளைத்தன. முளைத்தவற்றை ஆய்வாளர்கள் அழித்தபோது, கிடைத்த தேற்றமும் நிலைக்கவில்லை. மனிதர்களிடம் நடந்த ஒரு சோதனையும் உண்டு. பிட்ஸ்பர்க் ஆய்வாளர்கள் 154 பேரை வைத்து நடத்தி 2022இல் வெளியிட்டது அது. அவர்களில் ஒரு பிரிவினருக்கு ஒரே ஒரு முறை கெட்டமின் ஏற்றிய பின், 4 நாட்களுக்கு எளிய கணினிப் பயிற்சி தந்தார்கள். தன்னைக் குறிக்கும் படங்களும் சொற்களும் நல்ல சொற்களோடும் சிரித்த முகங்களோடும் திரையில் திரும்பத் திரும்ப இணைந்து வந்தன. அவ்வளவுதான். அவர்களுக்குக் கிடைத்த நிவாரணம் 30 நாட்கள் வரை நீடித்தது.

மருந்து விட்டுச்செல்லும் நாட்களில் மனம் கற்கத் தயாராக இருக்கிறது என்பதையே இவை காட்டுகின்றன. அந்த நாட்களுக்குப் பெரிய உறுதிமொழிகள் உதவாது. காலையில் காபி குடித்த கையோடு தெருமுனை வரை நடந்துவருவது; அதற்காக முதல்நாள் இரவே செருப்பை வாசலில் எடுத்துவைப்பது; ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்ற எண்ணம் வந்தவுடன் அதை ஒரு தாளில் எழுதி, அதற்கு எதிரான ஒரு சான்றையும் கீழே எழுதுவது; மாலையில் ஒரே ஒருவரிடமாவது பேசுவது. இவ்வளவு சிறியவைதான் ஒட்டிக்கொள்கின்றன. ஆனால் ஒட்டிக்கொள்ள நாளாகும். ஒரு செயல் பழக்கமாகச் சராசரியாக 66 நாட்கள் ஆகின்றன என்று லண்டனில் நடந்த ஓர் ஆய்வு கண்டது. ஆளுக்கு ஆள் அது 18 நாள் முதல் 254 நாள் வரை மாறியது. ஒரு டோஸின் பலனோ பலருக்கு ஒரு வாரம்கூடத் தாங்குவதில்லை. இந்த இடைவெளியைத் தாண்டும் வேலையை, எழுந்து பல் துலக்குவதே பாரமாக இருந்த ஒருவரிடம் தனியாக ஒப்படைப்பது நியாயமில்லை.

மறுபக்க வாதமும் வலுவானது. நோயாளிக்குப் பொறுப்பே இல்லை என்று சொல்வது கருணைபோலத் தோன்றும். உண்மையில் அது அவரை வெறும் உடலாகச் சுருக்கிவிடுகிறது. தன் வாழ்வைத் தானே திருத்திக்கொள்ள முடியும் என்ற நம்பிக்கையைத்தான் மனச்சோர்வு முதலில் பறிக்கிறது. அதை மீட்டுத் தராத சிகிச்சை பாதிச் சிகிச்சை. தத்துவ அறிஞர் ஹன்னா பிக்கார்ட் இங்கே ஒரு வழி காட்டுகிறார்: ஒருவரைப் பொறுப்புள்ளவராக நடத்தலாம், ஆனால் பழி சுமத்தக் கூடாது. இன்று நடக்க முடிந்ததா என்று கேட்பது பொறுப்பை மதிப்பது. ஏன் நடக்கவில்லை என்று கடிந்துகொள்வது பழி. முதல் கேள்வி நோயாளியை அடுத்த நாளுக்குக் கொண்டுபோகிறது. இரண்டாவது அவரைப் பழைய சோர்வுக்கே தள்ளுகிறது.

மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகள் என்கிறது திருக்குறள்: நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிருந்து கவனிப்பவர். தனியார் மையங்களில் இவற்றில் எத்தனை இருக்கின்றன? மனச்சோர்வுக்காக நரம்பு வழி ஏற்றப்படும் கெட்டமினுக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் தனி ஒப்புதல் கிடையாது. பெரும்பாலும் காப்பீடும் கைகொடுப்பதில்லை. ஒவ்வொரு முறையும் நோயாளி தன் கையிலிருந்தே நூற்றுக்கணக்கான டாலர் கொடுக்கிறார். இரண்டு மூன்று வாரங்களில் ஆறு முறை ஏற்றி அனுப்பிவிடும் மையத்தில் முதல் மூன்று உறுப்புகள் இருக்கின்றன. நான்காவது இடம் காலியாகக் கிடக்கிறது. வீட்டுக்கே தபாலில் மருந்து வரும் ஏற்பாட்டில் மருத்துவர்கூடத் தொலைவில்தான் இருக்கிறார். மேற்பார்வையில்லாமல் வீட்டில் இம்மருந்தை எடுப்பது ஆபத்து என்று அந்த நிர்வாகமே 2023 அக்டோபரில் எச்சரித்தது.

ஆகவே பங்கீடு தெளிவாக இருக்க வேண்டும். அன்றன்றைக்கு இயன்ற சிறு செயலைச் செய்வது நோயாளியின் பங்கு. பலன் தேயும் என்பதை முன்கூட்டியே சொல்வது, அடுத்த இரண்டு மாதங்களுக்காவது உளவியல் ஆலோசகரைத் துணைக்கு வைப்பது, சோர்வு திரும்பினால் எந்த எண்ணை அழைப்பது என்று எழுதிக் கையில் கொடுப்பது ஆகியவை சிகிச்சை தருபவரின் கடமை. இவற்றைக் கட்டணத்துக்குள் அடக்காமல் மருந்தை மட்டும் விற்பவருக்கு, மனப்பாங்கைப் பற்றி அறிவுரை சொல்லும் உரிமை இல்லை. நோய் திரும்பி வந்து நிற்பவரிடம் கேட்கத் தகுந்த முதல் கேள்வி, ‘நீங்கள் என்ன செய்யத் தவறினீர்கள்’ என்பதல்ல. ‘உங்களோடு யார் இருந்தார்கள்’ என்பதே.