காலந்தாழ்த்தலும் கள்ளாமையும்

புதிதாகச் சிறுதொழில் தொடங்கும் ஒருவருக்கு நாம் செய்யத்தக்க உதவி யாது? முதல் கொடுத்தலே என்று பெரும்பாலோர் விடை கூறுவர். வங்கிக் கடன், அரசு மானியம், உறவினர் தரும் கைமாற்று ஆகியவையே அவர்தம் நினைவுக்கு வருகின்றன. முதலின்றித் தொழில் இல்லை என்பது மெய்யே. ஆயினும், முதல் கிடைத்துத் தொடங்கிய பட்டறைகளும் கடைகளும் விரைவில் மூடப்படுவதையும் காண்கின்றோம். அவற்றுள் பல, பொருள் விலைபோகாமையால் மூடப்படவில்லை. விற்ற பொருளுக்குரிய பணம் உரிய காலத்தில் வந்து சேராமையால் மூடப்பட்டன.

இவ்விடத்தில் லிஜ்ஜத் அப்பளத்தின் தொடக்கத்தை எண்ணிப் பார்ப்போம். 1959ஆம் ஆண்டு மார்ச் மாதம் மும்பை கிர்காவ் பகுதியில் ஏழு பெண்மணிகள் ஒரு கட்டடத்தின் மாடியில் கூடி அப்பளம் இட்டனர். அவர்தம் முதல் 80 ரூபாய். சமூக ஊழியரான சகன்லால் கரம்சி பரேக் அதனைக் கடனாகக் கொடுத்தார், நன்கொடையாக அன்று. தரம் குறைந்த மலிவான அப்பளம் வேண்டா, கணக்கைச் செம்மையாக எழுதுங்கள் என்று வழிகாட்டினார். நன்கொடை பெறுவதில்லை என்று அப்பெண்மணிகளும் உறுதி பூண்டனர். இட்டுக் கொணரும் அப்பளத்தைப் பெற்றுக்கொண்டு கூலியை நாள்தோறும் கொடுத்துவிடும் முறையும் அங்கே வேரூன்றியது. 80 ரூபாய் பெரிதன்று. அது தேங்காமல் சுழன்றதே பெரிது.

பணம் தேங்கினால் நேர்வது என்ன? ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். (ஆசிரியத் தொழிலின் பழக்கம் எளிதில் விடுவதில்லை.) ஒரு பெண்மணி பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கத் தொடங்குகிறார். துணிக்கும் கூலிக்கும் 40,000 ரூபாய் செலவு. எதிர்பார்க்கும் இலாபம் 5,000 ரூபாய். பள்ளி நிருவாகம் மூன்று மாதம் கழித்துப் பணம் தருகிறது. அதுவரை துணிக்கடைக்கும் தையற்காரருக்கும் கொடுப்பதற்காக அவர் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டிக்குக் கடன் வாங்குகிறார். மாத வட்டி 1,200. மூன்று மாதத்திற்கு 3,600. எஞ்சுவது 1,400 ரூபாய். உண்மையில் நிகழ்ந்தது யாது? பொருள் படைத்த நிருவாகம் பொருளற்ற பெண்ணிடம் வட்டியில்லாக் கடன் பெற்றது. கேட்டுப் பெறவுமில்லை, தாம் கடன் பெற்றதை அது அறியவுமில்லை.

இஃது அறத்தின்பாற்பட்ட வினா. கள்ளாமை விரதத்திற்கு நேரும் குற்றங்களுள் ஒன்றாகத் தத்துவார்த்த சூத்திரம், அளவிலும் நிறையிலும் கூட்டிக் குறைத்தலைச் சேர்த்துள்ளது. படி குறைவது கள்ளமெனின், நாள் கூடுவது மட்டும் எங்ஙனம் கள்ளமாகாது போகும்? நாமறிந்தவரை அது வெளிப்படையாகக் கூறப்படவில்லை. எனினும் பிறருக்குரிய பயனை அவர் இசைவின்றிக் கொள்ளுதல் இரண்டிற்கும் பொதுவன்றோ?

“எமக்கே வரவேண்டிய பணம் வரவில்லை, எவ்வாறு கொடுப்பது?” என்று வணிகர் வினவலாம். அது பொய்யுரையன்று. ஆனால் சங்கிலியின் சுமையை அதன் மெல்லிய கண்ணியின்மேல் ஏற்றுவது முறையாகாது. பத்தாண்டு வணிகருக்கு வங்கியில் மதிப்பு உண்டு. பத்து மாதத் தொழிலுக்கு அது இல்லை.

சட்டம் இதனை உணர்ந்தே உள்ளது. பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களிடம் சரக்கு வாங்கியோர், எழுத்து ஒப்பந்தம் இருப்பினும் 45 நாளுக்குள்ளும், இல்லையெனில் 15 நாளுக்குள்ளும் பணம் செலுத்த வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு கூட்டு வட்டி உண்டு. 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டமோ, காலங்கடந்த தொகையைச் செலுத்திய ஆண்டில்தான் செலவாகக் கழிக்கலாம் என்று வருமான வரியிலும் விதி செய்தது. ஆயினும் முறையிட வேண்டியவர் யார்? அந்தத் தையற்காரப் பெண். முறையிட்டால் அடுத்த ஆண்டுச் சீருடை வேறொருவருக்குப் போகும். ஆகவே அவர் வாளாவிருக்கிறார்.

உறவினர் செய்வது இதனினும் கொடிது என்போம். நம் வீட்டுப் பிள்ளை கடை வைத்தால், முதல் நாள் மாலை சூட்டி வாழ்த்துகின்றோர், மறுநாள் விலையில் தள்ளுபடி கேட்கின்றனர். மூன்றாம் நாள் கடன் சொல்கின்றனர். அயலார் முழுவிலை கொடுத்துச் செல்கின்றனர். உறவினரை எங்ஙனம் கேட்பது என்று அப்பிள்ளை கூசுவதை அறிந்தே கேட்கின்றனர்.

இறுதியாக ஒன்று. ஊர்தோறும் விழாக்கள் சிறப்புற நடைபெறுகின்றன. பந்தலிட்டவர், சமைத்தவர், அழைப்பிதழ் அச்சிட்டவர் ஆகியோருள் புதிதாய்த் தொழில் தொடங்கிய இளைஞரும் இருப்பர். கணக்கு முடித்துக் குழு கூடி ஒப்புதல் அளித்த பின்னரே பணம் என்பது பல ஊர்களில் வழக்கம். குழு கூடுவதற்கோ திங்கள் சில ஆகின்றன. நன்கொடைப் பட்டியல் வாசிக்கும் முன்னரே இவர்தம் தொகையைத் தனியே எடுத்து வைத்து, விழா முடியும் நாளிலேயே கொடுத்துவிடுதல் இயலாத செயலன்று. வரும் ஆண்டுக் கூட்டத்தில் இதனை ஒரு தீர்மானமாகவே நிறைவேற்றலாம்.