வளர்த்த கைகளுக்கு ஒரு விளக்கு

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!

நண்பர்களே, இன்னிக்கு நான் அம்மாகிட்ட சொன்ன ஒரு பொய்யைப் பத்திச் சொல்றேன்.

2023 திருக்கார்த்திகை. வேலைக்காக ஸ்டாக்ஹோம் வந்த முதல் வருஷம். நவம்பர் கடைசியில் இங்கே மதியம் 3 மணிக்கே இருட்டிவிடும். ஈரோட்டிலிருந்து அம்மா போன்.

"விளக்கு ஏத்திட்டியா கண்ணு?"

"ஏத்திட்டேன்மா."

ஏத்தலை. அகல் இல்ல, திரி இல்லன்னு எனக்கு நானே சாக்கு சொல்லிக்கிட்டேன். உண்மையில் அது கோபம். தெரு முழுக்க விளக்கு எரியாத ஊர்ல எனக்கு எதுக்குக் கார்த்திகை?

அடுத்த வருஷம் திருக்கார்த்திகை டிசம்பர் 13-ல் வந்தது. அன்னிக்கு சுவீடனில் லூசியா திருநாள். காலையில் ஆபீஸ்ல விளக்கையெல்லாம் அணைச்சாங்க. வெள்ளை உடை, இடுப்பில் சிவப்புப் பட்டை, தலையில் மெழுகுவத்திக் கிரீடத்தோட ஒரு பெண் முன்னால வர, மத்தவங்க பாடிக்கிட்டே பின்னால வந்தாங்க. குங்குமப்பூ போட்ட பன் கொடுத்தாங்க. பக்கத்து சீட்காரர் சொன்னார்: "லூசியா எங்க நாட்டுக்காரி இல்ல. இத்தாலியில சிசிலித் தீவுல பிறந்தவ."

எனக்குச் சட்டுனு நம்ம அப்பன் ஞாபகம் வந்தது.

சிவனின் நெற்றிக்கண்ணில் ஆறு பொறிகளாகத் தோன்றியவன் கைலாயத்திலா வளர்ந்தான்? சரவணப் பொய்கையில். பாலூட்டியவர்கள் கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர். பெற்றவர்கள் உலகுக்கே அம்மையப்பன். ஆனாலும் வளர்த்தவர்கள் பெயரையும் சேர்த்துக்கொண்டு கார்த்திகேயன் ஆனான். அந்தப் பெண்களின் நட்சத்திரத்தில்தான் நாம விளக்கு ஏத்துறோம்.

எனக்கும் இங்கே ஒரு கார்த்திகைப் பெண் உண்டு. மாடி வீட்டு ஈரானிய ஆன்ட்டி. முதல் குளிர்காலத்தில் காய்ச்சலில் கிடந்தப்போ மூணு நாள் வாசலில் சூப் வெச்சிட்டுப் போனாங்க. என் பேரைக்கூட அவங்களுக்குச் சரியா சொல்ல வராது.

அன்னிக்குச் சாயந்திரம் இந்தியக் கடையில் பொரியும் வெல்லமும் வாங்கினேன். ஜன்னல் ஓரம் ஆறு மெழுகுவத்தி ஏத்தினேன். உடைஞ்ச பொரி உருண்டையை ஒரு டப்பாவில் போட்டு மாடிக்குக் கொண்டுபோனேன். ஆன்ட்டி வாங்கி, கண்ணில் ஒத்திக்கிட்டாங்க.

அப்புறம் அம்மாவுக்கு வீடியோ கால். போன வருஷப் பொய்யையும் சொல்லிட்டேன்.

அம்மா சிரிச்சாங்க. "எனக்கு அப்பவே தெரியும் கண்ணு. நீ கேமராவே போடலையே."

வெளிநாட்டில் இருக்கிற முருக பக்தர்களே, ஊர் இங்கே இல்லையேன்னு விளக்கை அணைச்சு வெக்காதீங்க. அகல் இல்லாட்டி மெழுகுவத்தி போதும். ஏத்தும்போது, அந்த ஊர்ல உங்களுக்குச் சோறு போட்டவங்க, வழி காட்டினவங்க யாருன்னு நினைச்சுப் பாருங்க. பிரசாதத்தில் முதல் பங்கை அவங்க வாசலுக்குக் கொண்டுபோங்க. முருகன் அங்கேதான் வளர்ந்துக்கிட்டு இருக்கான்.

ஓம் சரவணபவ! முருகா சரணம்!