'இல்லை' என்று சொல்வதற்கு முன்

போன வருஷம் ஒரு பழைய நண்பனோடு சின்ன மனஸ்தாபம். "2003-ல அம்மாவுக்கு ஆபரேஷன்னு உனக்கு மெயில் போட்டேன். நீ பதிலே போடலை" என்றான். "வரவே இல்லையேடா" என்றேன்.

அதோடு விட்டிருக்கலாம். கம்ப்யூட்டரைத் திறந்து, இருபது வருஷ மெயில்களையும் சேர்த்து வைத்திருக்கும் புரோகிராமில் அவன் பெயரைத் தட்டினேன். அப்புறம் 'ஆபரேஷன்'. தமிழில் ஒரு தடவை, இங்கிலீஷில் ஒரு தடவை. 'எதுவும் கிடைக்கவில்லை' என்றது. அதை ஹைகோர்ட் தீர்ப்பு மாதிரி அவனிடம் படித்துக் காட்டினேன். "சரி, விடு" என்றான். அந்த 'விடு' உறுத்தியது.

இந்தத் தேடல் எப்படி நடக்கிறது? புத்தகத்தின் கடைசியில் சொல்லடைவு இருக்குமே, அதுபோல் ஒன்றைத் தயார் செய்துகொண்டு பெரும்பாலும் அதில்தான் தேடுகிறது. ஸ்கேன் செய்து அனுப்பிய கடிதம் பல புரோகிராம்களுக்கு வெறும் படம். சில, நாம் நிற்கிற ஃபோல்டரை மட்டும் துழாவிவிட்டுக் கையை விரிக்கும். தமிழில் கூடுதல் வில்லங்கம். யூனிகோடு பரவலாகும் முன் திஸ்கி, டாப், டாம் என்று ஆளுக்கொரு எழுத்துமுறை. நம் கண்ணுக்கு எல்லாம் ஒரே 'அ'தான். கம்ப்யூட்டருக்கு அவை வேறு வேறு எண்கள். ஒன்றில் எழுதியதை மற்றதில் தேடினால் சிக்காது.

இதை நம் ஆட்கள் எப்போதோ யோசித்துவிட்டார்கள். சுமார் 7-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த குமாரில பட்டரின் வழிவந்த மீமாம்சகர்கள் 'அனுபலப்தி' என்று ஒன்று சொல்கிறார்கள். ஒரு பொருள் தென்படாததும் ஒரு சான்றுதான். தரையில் பானை தெரியவில்லை, ஆகவே பானை இல்லை. ஆனால் ஒரு கண்டிஷன்: இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்க வேண்டும். இருட்டு அறையில் நின்றுகொண்டு பானை இல்லை என்று சாதிக்க முடியாது.

நான் சாதித்தேன். இத்தனைக்கும் மெஷின் 'கிடைக்கவில்லை' என்றுதான் சொன்னது. 'இல்லை' என்று சொன்னது நான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை 2003-ம் வருஷ மெயில்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனேன். நடுவில் ஒன்று. தெரியாத ஐடி. உள்ளே கொம்பும் புள்ளியும் முளைத்த இங்கிலீஷ் எழுத்துக்கள். அன்றைக்குக் குப்பை என்று ஒதுக்கியிருப்பேன். திஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிப் பார்த்தேன். நாலே வரி. மச்சான் ஐடியிலிருந்து அனுப்புகிறேன். அம்மாவுக்கு ஆபரேஷன். பயமா இருக்கு. முடிஞ்சா போன் பண்ணு.

பண்ணினேன், இருபது சொச்சம் வருஷம் லேட்டாக.

"மெயில் இருந்ததுடா" என்றேன்.

"எனக்குத்தான் தெரியுமே" என்றான்.