விடுதலைப் பாடம்

புரட்சியாளர்களின் எழுத்தை இளம் மாணவர்களுக்குக் கற்பிக்கலாமா என்ற கேள்வி பழையது. ஆள்வோர் இதற்கு எப்போதும் ஒரே விடையைத்தான் சொல்லி வந்திருக்கிறார்கள். 1905இல் வங்கப் பிரிவினையை எதிர்த்து மாணவர்கள் தெருவில் இறங்கியபோது, அவர்களை அடக்காத பள்ளிகளுக்கு உதவித்தொகை நின்றுவிடும் என்று ஆங்கில அரசு சுற்றறிக்கை விட்டது. பயன் என்ன? தேசியப் பள்ளிகள் முளைத்தன. 1906இல் தோன்றிய வங்காள தேசியக் கல்லூரிக்கு அரவிந்தரே முதல்வரானார்.

ஆனால் இந்தக் கேள்வியை ஆள்வோர் கேட்பது வேறு. பெற்ற தாய் கேட்பது வேறு. லாலா லஜபதிராய் 1921இல் லாகூரில் நிறுவிய தேசியக் கல்லூரியில் பகத்சிங்கும் சுகதேவும் படித்தார்கள். இத்தாலியும் அயர்லாந்தும் ருஷ்யாவும் விலங்கொடித்த கதைகளை ஆசையோடு தேடிப் படித்த பருவம் அது. 1931 மார்ச் 23ஆம் தேதி தூக்குமேடை ஏறியபோது இருவருக்கும் வயது 23. நூலை எடுத்துக் கொடுத்த ஆசிரியருக்கு அந்த உயிர்களில் பங்கு இல்லையா? உண்டு என்றே நான் எண்ணுகிறேன். அந்தப் பங்கை உணராத ஆசிரியர், மாணவனின் உயிரைத் தம் சொற்பொழிவுக்கு அலங்காரமாக்கிக் கொள்கிறார்.

அதற்காக நூலை மூடி வைத்துவிடலாமா? கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் ஆசிரியராக இருக்கும் நண்பர் ஒருவர் இதைப்பற்றி என்னிடம் பேசினார். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து, விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் அவருடைய வகுப்பில் உண்டு. “பகத்சிங்கைப் பற்றிச் சொன்னால் கண் விரியக் கேட்கிறார்கள், சார். ஆனால் 1947இல் நாமெல்லாரும் விடுதலை பெற்றோம் என்று சொல்லும்போது எனக்கு நாக்கு எழவில்லை” என்றார்.

காரணம் இருக்கிறது. நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டே, 1948இல், ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. அப்போது சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் இதே பழைய தென்னார்க்காடு மாவட்டத்துக்காரர்தாம். ஆயினும் கல்வராயன் மலையில் ஜாகீர்தார்களின் ஆட்சி நீடித்தது. அரசு மலையைத் தன் பொறுப்பில் ஏற்றது 1976இல். டில்லியில் கொடி ஏறி 29 ஆண்டு கழித்து! அதுவும் நெருக்கடி நிலைக் காலம். சமவெளியில் பேச்சுரிமை பறிபோயிருந்த நேரத்தில்தான் மலையில் ஜாகீர் ஒழிந்தது. 2024இல்கூட அம்மலை மக்களின் அடிப்படை வசதிகளைப் பற்றிச் சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே வழக்கு எடுத்து விசாரிக்க நேர்ந்தது.

இவற்றையெல்லாம் மறைத்து விட்டு விடுதலைப் பாடம் நடத்துவது எளிது. ஆனால் அந்தப் பாடத்தின் உயிர் எது? ஆளப்படுபவனின் இசைவு இல்லாமல், அவனுக்குப் பதில் சொல்லும் கடமையும் இல்லாமல், ஒருவன் ஆளக்கூடாது என்பதுதானே? அந்த வாதத்தில் வெள்ளைத் தோல் என்ற சொல்லே இல்லை. அது வைசிராய்க்குப் பொருந்தும், ஜாகீர்தாருக்கும் பொருந்தும், ஆசிரியருக்கும் பொருந்தும்.

ஆசிரியருக்குப் பொருந்திய வரலாறு ஒன்று நம்மிடமே உண்டு. வ.வே.சு. ஐயர் லண்டனுக்குப் பாரிஸ்டர் படிக்கப் போய்ப் புரட்சியாளராகித் திரும்பியவர். புதுச்சேரியில் இளைஞர்களுக்கு ஆயுதப் பயிற்சி கொடுத்தவர். பின்னாளில் பிள்ளைகளைத் தேச பக்தர்களாக வளர்க்கவே சேரன்மாதேவியில் குருகுலம் நடத்தினார். அவருடைய தியாகத்தை ஐயுறுவார் இல்லை. ஆனாலும் பெற்றோர் விரும்பினார்கள் என்பதற்காக அங்கே பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனிப்பந்தி நடந்தது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதை எதிர்த்துக் குரல் எழுப்பினார்கள். ‘நாமெல்லாரும் சமம்’ என்று வகுப்பில் கேட்ட பிள்ளை, சாப்பாட்டு வேளையில் எந்தப் பாடத்தை நம்பும்? ஐயரைக் கேள்வி கேட்டவர்கள் அவருடைய தியாகத்தை அவமதிக்கவில்லை. அவர் எந்த வாதத்தை வெள்ளையரிடம் வைத்தாரோ, அதையே அவரிடமும் வைத்தார்கள்.

ஆகவே புரட்சி எழுத்தைக் கற்பிக்கத்தான் வேண்டும். முழுமையாகக் கற்பிக்க வேண்டும். பகத்சிங் என்றால் குண்டு வீசியவர் என்று நிறுத்திக் கொள்ளலாகாது. 1931 பிப்ரவரியில், சாவுக்குச் சில வாரங்கள் முன்பு, இளைஞர்களுக்கு எழுதியபோது அவர் வெடிகுண்டு வழியை மறுத்து, உழவரையும் தொழிலாளரையும் திரட்டும் பொறுமையான வேலையையே வற்புறுத்தினார். இதையும் படித்த மாணவன் உயிரைக் கொடுப்பதற்கு முன்பு சிந்திப்பான். அவனுக்கு முடிவைக் கொடுக்காமல் வாதத்தைக் கொடுப்பதுதான், அவன் உயிரில் பங்குள்ள ஆசிரியர் செய்யக்கூடிய நேர்மையான காரியம்.

வாதத்தைப் பெற்றுக்கொண்ட மாணவர் அதை எங்கே திருப்புவார் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. மலையிலிருந்து வந்த ஒரு சிறுமி எழுந்து, “எங்க ஊருக்கு எந்த வருஷம் சார் சுதந்திரம் வந்துச்சு?” என்று கேட்கலாம். அவளை அதட்டி உட்கார வைக்கும் ஆசிரியர், சுவரில் எத்தனை தியாகிகளின் படங்களை மாட்டியிருந்தாலும், 1905ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையைத்தான் மீண்டும் ஒருமுறை வாசிக்கிறார்.