பிளஸ் டூவுக்குப் பிறகு: பெற்றோரின் கடமையும் உரிமையும்

பிளஸ் டூ முடித்த பிள்ளை எதைப் படிப்பது என்று தீர்மானிக்கும் உரிமை பெற்றோருக்கு உண்டா என்பது ஒரு பழைய அறக்கேள்வியின் புது வடிவம். பௌத்தத்தின் சிகாலோவாத சுத்தம் என்னும் உபதேச நூல் பெற்றோருக்கு 5 கடமைகளைச் சொல்கிறது: தீமையிலிருந்து விலக்குதல், நன்மையில் செலுத்துதல், தொழில் கற்பித்தல், தக்க மணம் முடித்தல், உரிய காலத்தில் சொத்தை ஒப்படைத்தல். எந்தத் தொழில் என்று அது குறிக்கவில்லை. குலத்தொழில் வழக்கிலிருந்த சமூகத்தில் அந்தக் கேள்வி பெரும்பாலும் எழுந்திருக்காது. திருக்குறளின் மக்கட்பேறு அதிகாரமும் மகனை அவையில் முந்தியிருக்கச் செய்வதைத் தந்தையின் கடனாக்குகிறதே தவிர, எந்த அவை என்று வரையறுக்கவில்லை. மருத்துவம், இல்லாவிட்டால் பொறியியல் என்று அடம்பிடிக்கும் பெற்றோர் (கலந்தாய்வுக் காலத்தில் இவர்களுக்குப் பஞ்சமில்லை) கடமையின் பெயரால் உரிமை கோருகிறார்கள். விசாரித்துச் சொல்வதும் இயன்ற கட்டணத்தைக் கட்டுவதும் கடமை, தேர்வு பிள்ளையுடையது. 18 வயது நிறைந்தவரை இந்தியச் சட்டமும் மேஜர் என்றே கொள்கிறது.