விருப்பமும் வெப்பமும்

ஒரு பெட்டியில் பாம்பு முட்டைகளை வைத்து, அவை பொரியும் நாளை எதிர்நோக்கி இரண்டு திங்கள் காத்திருப்பவன் ஒருவன் உளன் என்று கொள்வோம். அவன் செய்வது செயலா, செயலின்மையா? அவனது ஆவலால் அம்முட்டைகளுக்கு ஏதேனும் நன்மை உண்டா? ஓட்டைக் கிழித்துக்கொண்டு ஓர் உயிர் வெளிப்படுமாயின், அவ்வுயிருக்கு அவன் யாது கடன்பட்டவன்? இவ்வினாக்களைக் கண்டவுடன் நேயர்களுள் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். பாம்பைக் கண்டால் தடியைத் தேடும் நாட்டில் பாம்பு முட்டைக்கு அறநெறி ஆராய்ச்சி ஒரு கேடா என்று கேட்பாரும் உளர். முட்டையில் பிறப்பன, கருப்பையில் பிறப்பன என்று உயிர்களை வகுத்தோதிய பெருமான், அன்பு செலுத்துதற்கு அவற்றுள் யாதொன்றையும் விலக்கினாரில்லை என்பதை மட்டும் அவர்களுக்கு நினைவூட்டி மேற்செல்வோம்.

பாம்பைச் செல்லமாக வளர்ப்போர் உலகெங்கும் பெருகியுள்ளனர். அவர்கள் பெரிதும் விரும்புவது மேற்கு ஆப்பிரிக்காவின் கானா, டோகோ, பெனின் முதலிய நாடுகளுக்குரிய சிறு மலைப்பாம்பு ஒன்றாகும். அச்சமுற்றால் தலையை உள்ளே மறைத்துத் தன்னைப் பந்துபோல் சுருட்டிக்கொள்வதால் அதற்குப் பந்து மலைப்பாம்பு என்று பெயர். நஞ்சற்றது, சாதுவானது. நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வைத்து வளர்த்தலை 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் தடுக்கின்றது. அட்டவணையிற் கண்ட அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்போர் அவற்றைப் பதிவு செய்தல் வேண்டும் என்றும், பிறப்பையும் இறப்பையும் தெரிவித்தல் வேண்டும் என்றும் 2022ஆம் ஆண்டின் திருத்தமும், அதனையொட்டிய 2024ஆம் ஆண்டின் விதிகளும் கூறுகின்றன.

இப்பாம்பு ஒரு முறைக்கு ஆறு முட்டை அளவில் இடும். ஓடு கோழி முட்டையினதுபோல் கடினமானதன்று. பதனிட்ட தோலைப் போன்றது. முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரு குவியலாகக் கிடக்கும். தாய்ப்பாம்பு அக்குவியலைச் சுற்றித் தன் உடலை வளையமிட்டுக்கொண்டு, இரை தேடாது, ஏறக்குறைய இரண்டு திங்கள் கிடக்கும். முட்டையின் ஈரம் வற்றிப் போகாமல் காப்பதே அதன் பெரும்பணி. வேறு சில மலைப்பாம்புகள் இன்னும் ஒரு படி மேலே செல்கின்றன. அவை தம் தசைகளை இடையறாது துடிக்கச் செய்து வெப்பத்தையே உண்டாக்குகின்றன. நியூயார்க் விலங்குக் காட்சிசாலையில் அடைகாத்த ஒரு தாய்ப்பாம்பின் உடல் சுற்றுப்புறத்தினும் சில பாகை மிகுந்த வெப்பத்தோடு இருந்ததை ஆராய்ச்சியாளர் அளந்து 1966ஆம் ஆண்டு வெளியிட்டனர். குளிர்ந்த குருதியுடையது என்று நாம் இகழும் பிராணி, தன் மக்கள் பொருட்டுத் தன்னையே அடுப்பாக்கிக்கொள்கின்றது.

வளர்ப்போர் பலர் தாயை விலக்கி முட்டைகளை எடுத்துவிடுகின்றனர். வெர்மிகுலைட் என்னும் கனிமத் துகளை நீரில் நனைத்துப் பெட்டியில் பரப்பி, அதன்மேல் முட்டைகளை வைத்து, 31 அல்லது 32 பாகை செல்சியஸ் வெப்பத்தில் நிறுத்துகின்றனர். அதன்பின் 55 முதல் 60 நாள் வரை செய்யத்தக்கது மிகச் சிறிது. செய்யத்தகாததோ ஒன்று உண்டு: முட்டையைப் புரட்டலாகாது. கோழி தன் முட்டையை அடிக்கடி புரட்டிவிடும். புரட்டாவிடில் கரு ஓட்டோடு ஒட்டி மடியும். பாம்பு முட்டையிலோ இட்ட சின்னாட்களுக்குள் கரு மேற்புறத்துச் சவ்வோடு பொருந்திவிடுகின்றது. அதுவே அதற்கு உயிர்ப்பிடிப்பு. புரட்டினால் மஞ்சட்கருவின் பாரம் அதன்மேல் அமர்ந்து அழிக்கவும் கூடும். ஆதலின் அனுபவசாலிகள் ஒவ்வொரு முட்டையின் மேற்புறத்திலும் பென்சிலால் ஒரு குறியிட்டு, எந்நிலையில் கிடந்ததோ அந்நிலையிலேயே வைப்பர். ஓர் உயிருக்கு நன்மையான செயல் மற்றோர் உயிருக்குக் கொலையாகிறது! அன்பு மட்டும் போதாது, அறிவும் வேண்டும் என்று நாம் மேடைகளில் முழங்குவதைவிட அப்பென்சிற் கீற்று தெளிவாகச் சொல்கின்றது.

இனி விருப்பத்தைப் பற்றிய வினாவுக்கு வருவோம். பகவான் பிக்குகளுக்குச் சொல்லிய உவமைகளுள் கோழியும் முட்டையும் பற்றியது ஒன்று சங்யுத்த நிகாயத்தில் உள்ளது. எட்டோ, பத்தோ, பன்னிரண்டோ முட்டைகளை உடைய கோழி, அவற்றின்மேல் முறையாக அமர்ந்து வெப்பமூட்டாதிருந்து, குஞ்சுகள் நலமே வெளிவருக என்று எத்துணை ஆசைப்பட்டாலும் அவை வெளிவாரா. முறையாக அமர்ந்து அடைகாத்த கோழி, அவ்வாசை கொள்ளாதிருப்பினும், குஞ்சுகள் ஓட்டை உடைத்துக்கொண்டு வரும் என்பது அதன் கருத்து. விடுதலையைப் பற்றிச் சொல்லப்பட்ட உவமை இது. எனினும் பெட்டியின் முன் அமர்ந்திருப்பவனுக்கு நேராகவே பொருந்துகின்றது. முட்டையை வளர்ப்பது வெப்பமும் ஈரமும் காலமும். அவன் நெஞ்சின் துடிப்பு வெப்பமானியை ஒரு பாகையும் உயர்த்துவதில்லை.

அவ்வாறாயின் விருப்பமே வேண்டா, மரம்போல் இருத்தலே மேல் என்று சிலர் முடிவு கட்டுவர். இது நுனிப்புல் மேய்தல் என்போம். விருப்பமில்லாதவன் பெட்டியைச் செய்திருப்பானா? நள்ளிரவில் மின்சாரம் நின்றபோது எழுந்து பார்த்திருப்பானா? பாலி நூல்கள் விருப்பத்திற்கு ஒரே சொல்லை வழங்கவில்லை. நற்செயலைச் செய்யத் தூண்டும் நாட்டத்திற்கும் சந்தம் என்னும் சொல் ஆளப்படுகின்றது. பற்றி எரியும் வேட்கைக்குத் தண்ஹா என்று பெயர். முன்னையது காரணங்களைச் சேர்க்கின்றது. பின்னையது பயனை மட்டுமே நோக்கி நாவூறுகின்றது. இரண்டும் ஒரே மனிதனிடத்தில் ஒரே மணி நேரத்தில் குடியிருக்கலாம், அதுவே தொல்லை.

இரண்டையும் பிரித்தறிய அப்பெட்டியின் மூடி நல்ல உரைகல் ஆகும். வாரத்திற்கு ஒரு முறை திறந்து காற்றோட்டம் தந்து ஈரம் பார்த்து மூடுபவன் முட்டைக்காகத் திறக்கின்றான். ஒரு நாளைக்குப் பன்முறை திறப்பவனோ தனக்காகத் திறக்கின்றான். ஒவ்வொரு முறையும் சிறிது வெப்பமும் சிறிது ஈரமும் வெளியேறுகின்றன. அவனைக் கேட்டால் பாசம் என்பான். இருட்டறையில் முட்டைக்குப் பின்னே விளக்கைப் பிடித்தால் செந்நிற நரம்புக் கொடிகள் தெரியும். உயிர் உண்டென்பதற்கு அதுவே அடையாளம். அதனை ஒரு முறை பார்த்து மகிழ்வதில் பிழை யாதுமில்லை. நாள்தோறும் பார்த்தாலன்றி உறக்கம் வாராதவனுக்கு முட்டை ஒரு மருந்துப் புட்டியாகிவிட்டது.

பூஞ்சை பிடித்த முட்டையைப் பற்றியும் ஒரு சொல். குவியலில் ஒன்று நிறம் மாறி, குழிந்து, பூஞ்சை படர்ந்து காணப்படும். ஒட்டியிருப்பதைப் பிய்த்தால் பக்கத்து முட்டை கிழிந்துவிடலாம். இறுதி நாட்களில் நல்ல முட்டையும் சற்றுக் குழிவதுண்டு. ஆதலின் ஐயமுள்ளவரை விட்டுவைப்பதே வளர்ப்போர் வழக்கம். உயிர் இல்லை என்று உறுதியாகும்வரை உண்டு என்றே நடத்துதல் என்பதனை இவ்வெளிய மக்கள் எந்நூலையும் ஓதாது கைக்கொண்டிருப்பது நம்மை மகிழ்விக்கின்றது.

எல்லாவற்றினும் கடினமான வினா ஐம்பத்தைந்தாம் நாளை ஒட்டி எழும். குஞ்சின் மூக்கு நுனியில் சிறு பல் போன்ற உறுப்பு ஒன்று உண்டு. அதனால் ஓட்டைக் கீறித் தலையை மட்டும் வெளியே நீட்டும். பிறகு உடனே வெளிவருவதில்லை. ஒரு நாள், சில வேளை இரண்டு நாள், தலையை நீட்டுவதும் உள்ளிழுப்பதுமாகக் கிடக்கும். எஞ்சிய மஞ்சட்கருவை அது தன் உடலுக்குள் ஈர்த்துக்கொண்டிருக்கும் காலம் அது. அறியாதவன் கண்ணுக்கு அது சிக்கிக்கொண்டு தவிப்பதுபோல் தோன்றும். கத்தரிக்கோல் கையருகே கிடக்கும். வெட்டலாமா? அப்போது வெட்டி வெளியே இழுப்பவன் அதன் கட்டுச்சோற்றைப் பறித்துக்கொண்டு வழியனுப்புகின்றான்.

ஆனால் உடன்பிறந்தவை யாவும் வெளிவந்து நாள் பல கடந்தும் ஒரு முட்டை மட்டும் கீறப்படாதிருந்தால் என் செய்வது? இயற்கை கைவிட்டதைத் தொடலாகாது, வலியதே வாழ்க என்று உரைப்பார் உளர். இக்கூற்றை நாம் ஏற்கவில்லை. தாயை அகற்றியபோது இயற்கை நினைவுக்கு வரவில்லை. பெட்டியும் வெப்பமானியும் இயற்கையில் முளைத்தவை அல்ல. ஆக்குவது வரையில் தன் கை, காப்பது மட்டும் இயற்கையின் கை என்பது வசதியான தத்துவம். தாய்ப்பாம்பும் ஓட்டைக் கிழித்துக் கொடுப்பதில்லையே என்று மறுப்பார்க்கு, தாய்ப்பாம்புக்குக் கத்தரிக்கோலும் இல்லை, நாட்கணக்கும் இல்லை என்போம். காலம் தெரிந்தவன், நரம்புக்கொடியைத் தவிர்த்து மேற்புறத்தில் சிறு சாளரம் ஒன்று திறந்து, மீதியைக் குஞ்சுக்கே விடுதல் தகும். தனது பொறுமையின்மை தாங்காமல் வெட்டுதலும், அதன் தேவை அறிந்து வெட்டுதலும் கண்ணுக்கு ஒரே செயல். கர்மம் என்பது சேதனையே, அதாவது எண்ணமே, என்று நாம் கற்றிருக்கின்றோம். எனினும் நல்லெண்ணம் தவறான நாளில் வெட்டியதைப் பொருத்தித் தராது.

இதுகாறும் காத்திருப்பவனைப் பற்றியே பேசினோம். அவன் எதற்காகக் காத்திருக்கின்றான் என்று கேட்கவில்லை. பந்து மலைப்பாம்பை வளர்ப்போர் பலர் காத்திருப்பது உயிருக்காக அன்று, நிறத்திற்காக. மஞ்சள், வெண்மை, புள்ளியின்மை, விந்தையான வரிகள் எனப் பிறவி வேறுபாடுகளைக் கலந்து கலந்து எண்ணிறந்த வகைகளை உண்டாக்கியிருக்கின்றனர். அவற்றுள் ஸ்பைடர் என்று பெயரிய வகையொன்று. சிலந்தி வலைபோன்ற மெல்லிய கோடுகளை உடையது. பார்வைக்கு அழகுதான். ஆனால் அவ்வழகைத் தரும் மரபுக்கூறே அப்பாம்பின் சமநிலையையும் குலைக்கின்றது. தலை ஆடும், திருகும். இரையைப் பற்றக் குறி தவறும். சில தலைகீழாய்ப் புரண்டு கிடக்கும். உட்செவியில் சமநிலை காக்கும் உறுப்புகள் பிறவியிலேயே பழுதுபட்டிருப்பதை 2022ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அவ்வகைப் பாம்பு ஒன்றையும் இயல்பான பாம்பு ஒன்றையும் இணைத்தால், சராசரியாகப் பாதிக் குஞ்சுகள் அக்கூறைப் பெறும். வளர்ப்பவன் இதனை அறிவான். அறிந்தே இணைக்கின்றான். பின்னர் அறுபது நாள் மூடியைத் தேவையின்றித் திறவாமல், முட்டையைப் புரட்டாமல், பூஞ்சைக்கும் பொறுத்து, முனிவன்போல் அமர்ந்திருக்கின்றான்!

இப்பொறுமையை நாம் என்னவென்று சொல்வது? பொறுமை ஒரு பாரமிதை என்று போற்றுகின்றோம். மீனுக்காக ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கையும் பொறுமையுடையது என்றே உலகம் கூறுகின்றது. அறுபது நாளின் ஒழுக்கம் எவ்வளவு செம்மையாயிருப்பினும், அதற்கு முந்திய ஒரு நாளில் செய்த தேர்வை அது கழுவாது. தலை நிமிர்த்த மாட்டாத குஞ்சு ஒன்று ஓட்டினின்று எட்டிப் பார்க்கும்போது, அதன் துன்பத்திற்குக் காரணம் முட்டையின் உள்ளே தேடத்தக்கதன்று. நாம் பன்முறை வாதித்துப் பார்த்த அன்பர் ஒருவர், நான் வாங்காவிடில் வேறொருவர் வாங்குவார் என்றார். வாங்குவார்தாம். அவருக்கும் இதே வினா உண்டு.

இரை என்னும் வினாவும் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. பாம்பு புல் தின்னாது. வளர்ந்த பாம்புக்கு இரு வாரத்திற்கு ஓர் எலி என்று மிகக் குறைத்துக் கொண்டாலும், 20 ஆண்டில் 500 எலிகளுக்கு மேலாகும். இப்பாம்புகள் 20 ஆண்டும் அதற்கு மேலும் வாழ்வன. ஆறு குஞ்சுகளுக்கு 3,000 உயிர்! காட்டுப் பாம்பும் எலியைத்தானே தின்கின்றது என்பர். உண்மை, காட்டுப் பாம்பை நாம் உண்டாக்கவில்லை, அதன் எலியை நாம் கொன்று தருவதுமில்லை. வந்து சேர்ந்துவிட்ட பாம்பைப் பட்டினியிட்டுக் கொல்லச் சொல்லவில்லை. கையிலுள்ளதைக் காத்தல் கடமை. புதிதாய் ஆறு உயிரை வரவழைக்குமுன் எண்ணிப் பார்க்கத்தக்க கணக்கு இது. பஞ்சசீலத்தின் முதற் சீலத்தை நாள்தோறும் ஏற்கும் நம்மனோர் வீடுகளில் இக்கணக்கு இன்னும் கூர்மையாகத் தைக்கும்.

ஒன்றும் வேண்டாமல் காத்திருப்போரும் இவ்வுலகில் உளர். மேற்குத் தொடர்ச்சி மலையில், கர்நாடகத்து ஆகும்பை வட்டாரத்தில், கருநாகம் என்னும் இராச நாகம் வாழ்கின்றது. பாம்புகளுள் உதிர்ந்த இலைகளைக் குவித்துக் கூடு கட்டுவது அதன் பெண்ணே. அதனுள் முட்டையிட்டு, பல வாரம் காவலிருந்து, குஞ்சுகள் வெளிவருமுன் தாய் அகன்றுவிடும். கூடு சில வேளை தோட்டத்திலும் வீட்டருகிலும் அமைந்துவிடுகின்றது. அங்குள்ள ஆராய்ச்சியாளர்கள் கூட்டைப் பெயர்த்தெடுப்பதில்லை. இருந்த இடத்திலேயே விட்டு, வெப்பத்தையும் ஈரத்தையும் குறித்துவருகின்றனர். பொரியும் காலம் நெருங்கும்போது சுற்றிலும் வலை கட்டுகின்றனர். அக்குடும்பத்தார் ஏறக்குறைய மூன்று திங்கள், பிள்ளை குட்டிகளோடு, அக்கூட்டைத் தாண்டியே நடமாடுகின்றனர். அவர்களுக்கு அக்குஞ்சுகளால் வரும்படி இல்லை. பெயரிட்டு வளர்க்கப் போவதுமில்லை. கருமேனியில் வெளிறிய பட்டைகளோடு, பிறந்த நாளிலேயே நஞ்சுடையனவாய், அவை வெளிவருகின்றன. எண்ணி, அளந்து, காட்டில் விட்டுவிடுகின்றனர். மழை கொட்டிக்கொண்டிருக்கும். வீட்டார் உள்ளே சென்று தம் வேலையைப் பார்க்கின்றனர்.