அறுகூறும் அறிவர் மலையும்

12, 18 என்னும் எண்களைப் பகாக் காரணிகளாகப் பிரித்தால் இரண்டிலும் கிடைப்பவை 2, 3 மட்டுமே. 12-இல் 2 இருமுறையும் 3 ஒருமுறையும் வரும். 18-இல் அது தலைகீழ். இவை ஒத்த எண்களா, வேறானவையா? எதைக் கொண்டு ஒப்பிடுவது என்று தெரிந்தால்தான் விடை சொல்லலாம். எந்தக் கூற்றும் ஏதோ ஒரு நயத்தின்படியே, அதாவது நோக்குநிலையின்படியே, உண்மை என்னும் சமணரின் அநேகாந்தக் கொள்கைக்கு இது ஏற்ற எடுத்துக்காட்டு.

புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசலில் அச்சமயத்தின் சுவடுகள் நெடுங்காலத்தவை. ஏழடிப்பட்டக் குகையில் 17 கற்படுக்கைகள் உள்ளன; ஒன்றில் தமிழி எழுத்து. அங்குள்ள அறிவர் கோயிலை 9-ஆம் நூற்றாண்டில் மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் புதுப்பித்தார். அதே நூற்றாண்டில்தான், 816-இல், சமண முனிவர் வீரசேனர் அறுகூறு ஆகமத்துக்குத் தவளம் என்னும் உரையை முடித்தார்.

ஓர் எண்ணை எத்தனை முறை பாதியாக்கலாம் என்பதை அவ்வுரை அர்த்தச்சேதம் என்கிறது. மூன்றால் வகுத்தால் திரிகச்சேதம், நான்கால் வகுத்தால் சதுர்த்தச்சேதம். 12-க்கு மிச்சமின்றி இருமுறைதான் பாதி எடுக்கலாம். 18-க்கு ஒரே முறை. இதைப் பகா எண் கோட்பாடு என்று கொண்டாடுவது மிகை. நான்கு பகா எண் அன்று. அதற்கும் தனிச் சேதம் வகுத்தவர்கள் பகு எண்ணையும் பகா எண்ணையும் பிரித்துப் பார்க்கவில்லை.

ஆனாலும் அனுயோகத்வார சூத்திரம் என்னும் சமண நூல் மனிதர் தொகையைச் சொல்லும் விதம் வியப்பானது: தொண்ணூற்றாறு முறை பாதியாக்கத்தக்க எண். இரண்டை வர்க்கித்துக்கொண்டே போனால் வரும் ஐந்தாம், ஆறாம் வர்க்கங்களின் பெருக்கல் அது; அர்த்தச்சேதங்கள் 32, 64 கூடினால் 96. எழுதினால் 29 இலக்கம். அதன் பகாக் காரணியோ 2 ஒன்றே.

அந்நூலில் ஒன்று எண்ணிக்கையில் சேராது. எண் இரண்டில் தொடங்கும். இன்றைய கணிதமும் ஒன்றைப் பகா எண்ணாகக் கொள்வதில்லை, ஆனால் காரணம் வேறு: கொண்டால் காரணிப் பிரிப்பு ஒரே விதமாக அமையாது.

அப்படியானால் காரணிகள் எண்ணுக்குள் கிடக்கின்றனவா? சமணர் எண்ணை அளவையில் வைத்தார்கள். உயிர், புத்கலம், தருமம், அதருமம், ஆகாயம், காலம் என்னும் ஆறு திரவியங்களில் அதற்கு இடமில்லை. எனவே காரணி என்பது அளக்கும் அறிவில் தோன்றுவதே என்று கொள்ளலாம். ஆனால் 1917-இல் ஹார்டியும் ராமானுஜனும் நிறுவிய தேற்றம் இதற்கு எளிதில் இணங்காது: பெரும்பாலான எண்களில் வெவ்வேறு பகாக் காரணிகளின் எண்ணிக்கை, அவ்வெண்ணுடைய மடக்கையின் மடக்கையை ஒட்டியே இருக்கும். பொதுவான 29 இலக்க எண்ணுக்கு அது ஏறத்தாழ நான்கு. இந்த ஒழுங்கு அளப்பவர் வைத்ததன்று.